நியாய விலைக்கு ஒரு கமரா

யூன் 9

இன்று காலை, வட்டக்கச்சியிலுள்ள எங்கள் வீட்டுக் குசினியில், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. புதிதாக வந்திருக்கும் அந்தக் கமராவை நான் வாங்குவேன். ஆனால் கொழும்பு முகவர் அறிவித்த விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன். கூட்டத்துக்கு நானும் என் மனைவி சுதாஜினியும் சமுகமளித்திருந்தோம். நான் முன்மொழிந்தேன். வழிமொழிய வேண்டிய நேரத்தில் அவா சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. "கமராவை வாங்குங்கோ, விடுங்கோ. முதல்ல பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றா. இதை ஆதரவாகப் பதிவு செய்துகொண்டேன்.

யூன் 11

தீர்மானத்தின் பின்னணி. பின்னொரு காலத்தில் இதை நானே படித்து ஏன் என்று கேட்கக்கூடும்.

கிளிநொச்சியில் எனக்கொரு ஸ்ரூடியோ. நான் படம், மரியநேசன் வீடியோ. அவன் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரன். பத்து வருடமாக என்னோடு நிற்கிறான். இந்த வருடம் ஆட்கள் போனிலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதால், நாங்கள் நம்பியிருப்பது ஒரேயொரு பெரிய கலியாணம். கனடாவிலிருந்து அன்னபாக்கியம் அக்கா தன் மகள் யதுர்ஷிகாவை ஆவணியில் இங்கே கொண்டுவந்து கட்டிக்கொடுக்கப் போகிறா. அந்த வேலை கிடைத்தால் ஸ்ரூடியோ இருக்கும். கிடைக்காவிட்டால் பூட்டவேண்டியதுதான். மரியநேசன் தமையனின் படகில் வலை இழுக்கப் போவான்.

இன்று அக்கா போன் எடுத்தா. "தம்பி, இஞ்ச ஒரு வீட்டில புதுக் கமராவில எடுத்த கலியாணம் பாத்தனான். மணவறை இருட்டிலயும் பிள்ளையின்ர முகம் விளக்கு மாதிரி நிக்குது. உங்களிட்ட அது இருக்கோ?"

"வருது அக்கா."

"வருதெண்டால் சரி. வராட்டில் சொல்லுங்கோ, சிவகரன் தம்பியிட்டக் கேக்கிறன். யூலை முடியிறதுக்குள்ள சொல்லுங்கோ."

சிவகரன், ஊரின் பெரிய ஸ்ரூடியோவுக்குச் சொந்தக்காரன். மூன்று மாடி. மூன்றாவது மாடியில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

யூன் 17

வவுனியாவில் ஒரு கடைக்கு ஒரு கமரா வந்திருப்பதாகக் கேள்வி. நானும் மரியநேசனும் முதல் பஸ்ஸில் போனோம். நாட்டின் வடபகுதிக் கலைஞர்கள் எல்லோரும் எங்களுக்கு முன்னரே வந்திருந்தார்கள்.

கடை திறந்ததும் அழகியல் பற்றிய கருத்துப் பரிமாற்றம் ஆரம்பமானது. மன்னாரிலிருந்து வந்த ஒருவர் தன்னுடைய கமரா முக்காலியைக் கழற்றி அதன் காலால் ஓமந்தைக்காரரின் வாயில் அடித்தார். பல்லொன்று கண்ணாடிப் பெட்டிக்கு மேல் விழுந்தது. பல்லுக்குரியவர் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, மன்னார்க்காரரின் காதைக் கடித்தார். நான் சமாதானம் பேசப் போனேன். யாருடையதோ லென்ஸ் என் புருவத்தில் பட்டது. நல்ல லென்ஸ். கனமானது.

சண்டை முடிந்தபோது கமராவைக் காணவில்லை. பின்கதவால் சிவகரனின் ஆள் முந்தினநாளே வாங்கிப் போய்விட்டானாம். இதைச் சண்டைக்கு முன் சொல்லியிருக்கலாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். "உங்களில ஆர் என்னைச் சொல்ல விட்டனீங்கள்?" என்றார். நியாயமான பதில்.

யூன் 18

புருவத்தில் தையல். கொள்கையில் காயமில்லை.

யூலை 2

தேத்தண்ணிக் கடையில் சிவகரன் என் மேசைக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். வடக்குக்கு வந்த கமராக்களை எல்லாம் அவன்தான் ஆள்விட்டு வாங்கி வைத்திருக்கிறான். ஒன்றரை மடங்குக்கு விற்கிறான். எனக்கும் ஒன்று தரத் தயாராம்.

"நியாய விலைக்குத் தந்தால் இப்பவே வாங்கிறன்" என்றேன்.

"பிரதாபன் அண்ணை, நியாயத்தை நீங்கள் படிச்ச புத்தகங்களில வையுங்கோ. இது யாவாரம்."

"அப்ப நான் கொழும்பில தேடிப் பாக்கிறன்."

அவன் என்னுடைய வடையில் பாதியைப் பிய்த்துச் சாப்பிட்டான். "தேடுங்கோ. ஆனால் அந்தக் கமராவை என்னட்ட வாங்காமல் தூக்கிற கை, கையாயிராது. சொல்லிப்போட்டன்."

கடையிலிருந்த எல்லோரும் தேத்தண்ணியைக் கவனமாகப் பார்த்தார்கள். மரியநேசன் எழும்பினான். நான் அவனுடைய சறத்தைப் பிடித்து இருத்தினேன். போகும் வழியில், "பயமுறுத்திறானடா" என்றான். சொல்லணி என்றேன். "உனக்கு எல்லாம் சொல்லணிதான்" என்றான்.

யூலை 6

காலையில் ஸ்ரூடியோவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. யாரோ ஏற்கெனவே திறந்திருந்தார்கள். கண்ணாடி முழுவதும் தூள். பின்திரைகளைக் கத்தியால் கிழித்திருந்தார்கள். சுவிற்சர்லாந்து மலை குறுக்காக இரண்டாகிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த மணமக்கள் படங்களில் மாப்பிள்ளைமாரின் கழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டியிருந்தார்கள். பொறுமையான வேலை. அவசரத்தில் செய்ததல்ல.

மரியநேசனின் மோட்டார் சைக்கிளை வாசலில் வைத்துக் கொளுத்தியிருந்தார்கள். அவன் கருகிய இருக்கையைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"மச்சான், ஒன்றரை மடங்கைக் குடுத்து வாங்குவமடா. என்ர பங்கில கழி."

இல்லையென்றேன். இது விலைப் பிரச்சினை இல்லை, கொள்கைப் பிரச்சினை என்று விளக்கினேன். அவன் விளக்கமாற்றை எடுத்துக் கண்ணாடித் தூளைக் கூட்டத் தொடங்கினான்.

யூலை 14

கொழும்பில் கிடைத்துவிட்டது! மரியநேசனின் மனைவி யூலிற்றாவின் ஒன்றுவிட்ட தம்பி நிரஞ்சன் முகவரின் கடையில் வேலை செய்கிறானாம். ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறான். முகவர் அறிவித்த அதே விலை. வெள்ளிக்கிழமை, கலியாண வேலைகளுக்கு எங்களை ஏற்றிப்போகும் மூக்கனின் வாடகை வானில் போய் எடுத்துவருகிறோம்.

சுதாஜினி, "எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாங்கோ" என்றா.

யூலை 16

வடபகுதிப் படப்பிடிப்பாளர் எல்லோருக்குமாக ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. சிவகரனும் அதில் உறுப்பினன். இன்று அதிலொரு கோயில் நோட்டீஸ் போட்டேன். மிகுந்த சிரத்தையோடு எழுதியது. இங்கே பிரதி வைக்கிறேன்:

"கமரா அடியார்களே! ஒன்றரை மடங்கு அரக்கனின் சிறையிலிருந்து மீண்ட ஸ்ரீ நியாயவிலைக் கமரா சுவாமியின் நகர்வலம் நிகழும் வெள்ளிக்கிழமை நடைபெற இறைவன் திருவருள் கூடியுள்ளது. காலை கொழும்பிலிருந்து எழுந்தருளி, ஓமந்தையில் இளநீர் அருந்தி, மாலை ஐந்து மணியளவில் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கிளிநொச்சி வந்தடையும். மூன்று மாடி வாசிகள் கையைக் கட்டிக்கொண்டு தரிசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இங்ஙனம், திருப்பணிச் சபையார்."

குழுவே சிரித்து விழுந்தது. மன்னார்க்காரர்கூட ஒரு கும்பிடு போட்டார். சிவகரன் பெருவிரல் ஒன்றை உயர்த்திக் காட்டினான்.

நல்ல நோட்டீஸ். 'அரக்கன்' கொஞ்சம் கூடிவிட்டதோ? இல்லை, இருக்கட்டும்.

யூலை 18

விடியப் புறப்படுகிறோம். வானம் வெளித்திருக்கிறது. மரியநேசன் புதுச் சேட் போட்டு வந்திருக்கிறான்.

யூலை 19

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. விறாந்தை.

எழுதோணும். எழுதாட்டில் நான் வேறமாதிரி ஞாபகம் வைச்சிருப்பன்.

முறிகண்டியில மூக்கன் வானை நிப்பாட்டினான். இந்த றோட்டால போற ஒரு வாகனமும் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்காமல் போறேல்லை. "நிப்பாட்டாமல் போனால் ரயர் வெடிக்கும் அண்ணை" எண்டான். நான் இறங்கேல்லை. சாமி கும்பிடாத கொள்கையும் எனக்குத்தானே. மரியநேசன் கழுத்தில மாதா பதக்கம் போட்டவன், அவன் இறங்கினான். "பிள்ளையாரோட எனக்கென்னடா கோபம்?" எண்டான். கமராவைப் பெட்டியால எடுத்துக் கழுத்தில கொழுவினான். "நோட்டீசில போட்டிருக்கு மச்சான், சுவாமி இறங்கித்தான் ஆகோணும்." சிரிச்சான்.

கச்சான் கடலை விக்கிற கடைப் பக்கத்தில மோட்டார் சைக்கிள்கள் நிண்டது. நான் கண்டனான். கச்சான் வாங்க நிக்கிறாங்கள் எண்டு நினைச்சன். முகத்தில துணி. தூசிக்குக் கட்டியிருக்கிறாங்கள் எண்டு நினைச்சன்.

"ஆரடா பிரதாபன்?" எண்டு ஒருத்தன் கேட்டான்.

மரியநேசன் ஒரு கையில தேங்காய், மற்றக் கையில கமரா. அவன் வானைக் காட்டியிருக்கலாம். நான் இல்லை எண்டு சொல்லியிருக்கலாம். வான் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. "என்னடா வேணும் உங்களுக்கு?" எண்டான்.

வாள் மேலால வந்தது. கமராவைப் பிடிச்ச கை அது. பிறகு கம்பி, கால். விழுந்தவனை, விழுந்த பிறகும்— முதுகில, தலையில. அவன் கமராவுக்கு மேல குப்புறக் கிடந்தான். சனம் நிண்டு பாத்தது. ஒரு மனிசி மட்டும் "ஐயோ பிள்ளையாரே" எண்டு கத்தினா. நானும் கத்தினனான். கத்தினனானா? கதவைத் திறந்தனானா? திறக்கேல்லை. வான் கதவு எந்தப் பக்கம் இழுக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. பத்து வருசமா ஏறி இறங்கிற வான்.

தேங்காய் உருண்டு வானுக்குக் கீழ வந்தது. உடையேல்லை.

மூக்கன்தான் விரல்களைப் பொறுக்கினான். மண்ணுக்குள்ள தேடித் தேடி. சோடாக் கடையில ஐஸ் வாங்கி, கச்சான் சுத்திற கடதாசிச் சரைக்குள்ள சுத்தி, என்ர மடியில வைச்சான். கிளிநொச்சிக்கு வரும்வரைக்கும் என்ர மடியில குளிர்ந்துகொண்டிருந்தது. அங்க பாத்திட்டு இஞ்ச அனுப்பினவை.

மத்தியானம் டொக்டர் வெளிய வந்தா. பொருத்தேலாதாம். மண் பட்டிட்டுதாம், நசிஞ்சும் போச்சாம். வலது கையில பெருவிரல் மட்டும் மிச்சம்.

யூலிற்றா என்னை ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருக்கலாம்.

யூலை 22

பொலிஸ். விசாரித்த அதிகாரி பண்பானவர். நீங்கள் அந்த நேரத்துக்கு அங்கே இறங்குவீர்கள் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். போனை எடுத்து நோட்டீஸைக் காட்டினேன். ஆறுதலாக வாசித்தார். ஓரிடத்தில் உதடு அசைந்தது.

"நல்லா எழுதியிருக்கிறியள்" என்றார்.

யூலை 25

இரண்டு பெடியளைப் பிடித்திருக்கிறார்கள். இருவருக்கும் சிவகரன் என்று ஒருவரையே தெரியாது. சிவகரன் அன்று மாலை பருத்தித்துறையில் ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டு விழாவில் நின்றிருக்கிறான். முந்நூறு பேர் சாட்சி. வீடியோவும் இருக்கிறது. வெளிச்சம் குறைந்த இடத்திலும் அவனுடைய முகம் தெளிவாக விழுந்திருக்கிறதாம்.

கமராவில் ஒரு கீறலுமில்லை. வழக்கு முடியும்வரை சான்றுப் பொருளாக நீதிமன்றத்தில் இருக்கும். பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கினார்கள். விலை சரியாக இருப்பதைப் பார்த்தார்கள்.

யூலை 31

அன்னபாக்கியம் அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அழுதா. உண்மையாகவே அழுதா. "அந்தத் தம்பிக்கு ஏதும் அனுப்பிறன்" என்றா. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப கமரா கலியாணத்துக்கு வராதோ?" என்றா.

வராது என்றேன்.

ஓகஸ்ட் 29

யதுர்ஷிகாவின் கலியாணம். மண்டபத்துக்கு முன்னால் பஸ்ஸில் போனேன். வாசலில் சிவகரன் ஆட்களோடு நின்று ஒரு கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு கை காட்டினான். ஐந்து விரலும்.

செப்ரெம்பர் 5

ஸ்ரூடியோச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்தேன். குழுவிலிருந்தும் விலகினேன். ஏன் போகிறீர்கள், ஒரு நல்ல நோட்டீஸ் போடுங்கோவன் என்று ஒருவர் எழுதினார்.

ஒக்ரோபர் 20

ஒன்றும் எழுதவில்லை. எழுதுகிற கை இருக்கிறது.

நவம்பர் 12

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள போன் கடையில், கண்ணாடிக்குள் அந்தக் கமரா ஆறு அடுக்கி வைத்திருக்கிறார்கள். புதிய மாதிரி வரப்போகிறதாம். முகவர் விலையிலும் குறைவு. "எடுங்கோ அண்ணை, பை ஒண்டும் சும்மா தாறம்" என்றான் கடைக்காரப் பெடியன்.

அங்கிருந்து முல்லைத்தீவுக்குப் பஸ் எடுத்து மரியநேசன் வீட்டுக்குப் போனேன். தமையனின் படகு போய்விட்டிருந்தது. அவன் கரையில் இருந்து மீன் நிறுக்கிறவரோடு கதைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "வா மச்சான், கொள்கை எப்பிடி இருக்குது?" என்றான். "இருக்குது" என்றேன். சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை.

மத்தியானம் சாப்பிடச் சொன்னான். சோறும் பாரைக் குழம்பும். யூலிற்றா எனக்குக் கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து தந்தா. அவனுக்குக் கரண்டி வைத்தா.