காயவைத்த மாத்தே இலை

ரொசாரியோ,
வெள்ளிக்கிழமை

என் பிடிவாதக்காரனுக்கு,

நீ எண்ணெய்க் கிணற்று வேலைக்குத் தெற்கே போன பிறகும் நாங்கள் சௌக்கியந்தான். குடித்த மாத்தே இலையைப் பால்கனியில் காயவைத்து, மறுபடி வெந்நீர் ஊற்றுகிறேன். கீழ்வீட்டு ஒதிலியா, "இலையையும் தொவச்சுக் காயப்போட ஆரம்பிச்சிட்டியாடி?" என்றாள். சிரித்துவைத்தேன். இரவுச் சாப்பாடே இப்போது அதுதான் என்று அவளிடம் சொல்லவில்லை.

நம் நெலிதாவும் உன்னைப்போலத்தான். மாத்தே குடிக்கையில் 'நன்றி' சொன்னால் 'போதும்' என்றாகிவிடும், நான் அப்புறம் ஊற்றமாட்டேன் என்று கடைசிச் சுற்றுவரை வாயே திறக்கமாட்டாள். நேற்று முதல் சுற்றிலேயே குடுவையைத் திருப்பி என்னிடம் நீட்டி, "நன்றிம்மா" என்றாள்.

"அதுக்குள்ளயாடி?"

"வயிறு ரொம்பிருச்சும்மா. மிச்சத்த நீ குடி."

அவள் வயிறு இரைந்தது எனக்குக் கேட்டது.

குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் நானே குடித்தேன்.

இன்னும்,
உன்னவள்