பெண்கள் பக்கத்துச் சுவர்

மார்ச் 11, 1934. ஞாயிறு

இன்றும் பூசையில் ஒரு சொல் காதில் விழவில்லை. பெண்கள் நிற்கும் முன்கூடத்துக்கும் ஆண்கள் கூடத்துக்கும் நடுவே ஆளை மறைக்கும் மரக்கட்டைச் சுவர். அதற்கப்பால் சாமியார் பாடினாரா, தும்மினாரா, யாருக்குத் தெரியும்? பக்கத்தில் நிற்கும் தோக்கியா மண்டியிட்டால் நானும் மண்டியிடுகிறேன். அந்தச் சுவரில் உள்ள வாசலருகே நிற்பது கிழவிகளின் உரிமை. எனக்கு மாமியார் நின்ற மூலைதான்.

போன வருஷம் வலது காது. இப்போது இடதும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறேன். கவ்ரிலாவிடம் சொல்லவில்லை. கட்டிய மனுஷனிடம்கூட என்ன வீம்போ எனக்கு!

மார்ச் 19

இசா ஆறு கோயிலடிக் கரையை இன்னும் கொஞ்சம் தின்றுவிட்டது. கோயிலைப் பிரித்து மேட்டில் கட்டுவதென்று ஊர் முடிவு. தலைமைத் தச்சன் என் வீட்டுக்காரர்.

ஏப்ரல் 24

கூரையின் மரச்செதில்கள் இறங்கிவிட்டன. சுவருக்கு ஆணியே கிடையாது. மூலையில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும் ஓக் கட்டைகள். எது எங்கே என்று மறக்காமலிருக்க ஒவ்வொன்றிலும் கோடாலியால் வெட்டு போடுகிறார்கள். போடப் போனால், அங்கே ஏற்கெனவே பழைய வெட்டுகள்! மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வாங்கி, பனியில் சறுக்குவண்டியில் இழுத்து வந்த கோயில் என்று பெரியவர்கள் சொன்னது கதையில்லை. சாமியார் கட்டை கட்டையாகத் தடவிப் பார்த்தாராம்.

ராத்திரி சோளமாவில் மாமலிகா கிண்டிக்கொண்டிருந்தேன். கவ்ரிலா எதிரே வந்து நின்றார்.

"எல்லாக் கட்டையிலயும் பழைய வெட்டு இருக்கு. உங்க பொம்பளைங்க சுவர்ல, கண் மட்டத்துல இருக்கற ரெண்டுல மட்டும் இல்ல. அது கோயில் நம்ம ஊருக்கு வந்தப்புறம் இடைவெளியை அடைச்சது. கோபுரத்தை அது தாங்கல. எடுத்தா ஒண்ணும் ஆகாது."

விளக்குப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்த மனுஷன் எப்போதிலிருந்து இப்படிப் பேசுகிறார்?

ஜூன் 17. ஞாயிறு

மேட்டில் சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. அந்த இரண்டு கட்டைகளை விட்டுவிடலாமா என்று கவ்ரிலா எல்லோர் முன்னாலும் கேட்டார். சாமியார், "ஆதியில இல்லேன்னா எனக்குச் சம்மதம். அங்க நிக்கறவங்க சொல்லட்டும்" என்றார்.

தோக்கியா பிடித்துக்கொண்டாள். "ஐயையோ! அதை எடுத்துட்டா நாங்க எங்க போய்த் தூங்கறது? சாமி நேரா எங்க மூஞ்சியையே பாப்பாரு! யாருக்கு வந்த ஆசை இது?"

ஊரே சிரித்தது. கவ்ரிலா தரையைப் பார்த்தார். யாருக்காகக் கேட்டார் என்று சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

ஜூன் 18

அழுதேன். ஏன் சொல்லல? சொன்னா தலையா போயிடும்? சுவர் ஏறிட்டா அப்புறம் ஆயுசுக்கும் இருட்டுல நிக்க வேண்டியதுதான். நல்லா வேணும் எனக்கு.

ஜூன் 20

ஆற்றில் துணி அலசும்போது சொல்லிவிட்டேன். "தோக்கியா, எனக்குக் காது கேக்கல. ரெண்டும்."

முறைத்துப் பார்த்தாள். "அதான்! நான் பாடற லட்சணத்துக்கு நீ மட்டும் பக்கத்துலயே நின்னியா?"

பிறகு ஈரக்கையோடு கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். "பாவி, என்கிட்டகூடச் சொல்லலியே. கட்டையை எடுக்கச் சொல்லு. தூக்கத்தை வீட்டுல பாத்துக்கறேன்."

சாயங்காலத்துக்குள் வீடு வீடாகப் போய் எல்லாப் பெண்களையும் சரிக்கட்டிவிட்டாள். அவள் வாயால் எனக்கு ஒரு நல்லது நடக்குமென்று நான் நினைத்ததே இல்லை.

கவ்ரிலாவிடமும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "கிறிஸ்துமஸ்லேர்ந்தே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

ஜூலை 30

கோபுரம் ஏறிவிட்டது. முதுகு பிடித்துக்கொண்டதென்று கவ்ரிலா முனகல். தைலம் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 15. மாதா திருநாள்

மேட்டில் முதல் பூசை. புதுச் செதிலின் வாசம். அந்த இரண்டு கட்டைகளும் வெளியே கிழவிகளுக்கு உட்காரும் பலகையாகிவிட்டன.

மாமியாரின் அதே மூலையில் நின்றேன். திறப்பு வழியாகச் சாமியாரின் உதடுகள் தெரிந்தன. 'ஆண்டவரே, இரக்கமாயிரும்' முழுவதும் பார்த்தேன். தோக்கியாவுக்கு முன்பே மண்டியிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை.

பூசை நடுவே ஆண்கள் பின்னால் திரும்பக் கூடாது. கவ்ரிலா திரும்பினார். இத்தனை வருஷத்தில் கோயிலுக்குள் அவர் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"கேக்குதா?"

நானும் சத்தமில்லாமல் சொன்னேன். "கேக்குது."