அசல் மட்டும் அனுப்பவும்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அண்ணனுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார், நீங்கள் ஒரு முறை முறைத்தால் கேட்பார்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்க ஆள் தேடுகிறார்கள். பெரிய டாக்டரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். "எங்க அண்ணி ஒரு தடவை எடுத்தா எடுத்ததுதான், நோயாளியைத் திரும்பப் படுக்க வைக்க மாட்டாங்க" என்றேன். உடனே சரி என்று விட்டார். அங்கே வாங்குவதைப்போல மூன்று மடங்கு சம்பளம். என் அறையிலேயே தங்கலாம், ஜன்னல் பக்கத்துக் கட்டில் உங்களுக்கு.

பாஸ்போர்ட், டிப்ளமோ, பிறப்புச் சான்றிதழ், வேலைப் பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றையும் அசலாகவே கிளினிக் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டுமாம். நகல் வேண்டாம் என்கிறார். எனக்கு எழுதும் கடிதத்தை மட்டும் எப்போதும்போல் கீழே இருக்கும் மருந்துக்கடை முகவரிக்கே போடுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்

பிப்ரவரி 17

என் அருமை நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணனுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா, என் தங்கச்சி நம்மள மறக்கல" என்று பக்கத்து வீடு வரைக்கும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார். அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது இதே மனிதர்தான் தங்கச்சி வருவாள் வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அதையெல்லாம் மறக்க அவருக்கு ஒரு கடிதம் போதும். எனக்குப் போதாது.

இங்கே நானும் ஒன்றும் வாழ்ந்து கிழிக்கவில்லை. எக்ஸ்ரே கதிர்வீச்சு படாமல் இருக்க நான் போட்டுக்கொள்ளும் லெட் ஏப்ரன் தோளில் கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டி மாட்டிக்கொள்கிறேன். புதிது கேட்டால் எங்கள் ஆஸ்பத்திரி சூப்பிரண்டு, "உனக்கு எதுக்கும்மா, இனிமே புள்ளையா பெத்துக்கப் போற?" என்று பல்லை இளிக்கிறார். அந்த மூஞ்சியில் ராஜினாமாவை விட்டெறிவதற்காகவாவது உன் கிளினிக்குக்கு வருவேன். வரத்தான் ஆசை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் உன் பெரிய டாக்டருக்கு என் அசல் எதற்கு? எலும்பைப் படம் பிடிக்க வரப்போகிறேனா, அவருக்கு மருமகளாக வரப்போகிறேனா? பாஸ்போர்ட்டை அங்கே அனுப்பிவிட்டு நான் எதைக் காட்டி விமானம் ஏறுவது? அப்புறம், சான்றிதழ் கிளினிக்குக்கு, கடிதம் மருந்துக்கடைக்கு. நீ வேலை பார்க்கும் இடத்தில் உனக்கு ஒரு தபால்கூட ஒழுங்காக வராது, என் பிழைப்பு முழுவதையும் அதே இடத்துக்கு நான் அனுப்ப வேண்டும். காதில் பூச்சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

உன் அண்ணி

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும். திட்டு வந்தால்தான் வீட்டுக் கடிதம் மாதிரி இருக்கிறது.

பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்றவை இங்கேயே இருக்கும். பெரிய டாக்டர் அறையில் ஒரு இரும்பு அலமாரி இருக்கிறது. வேலை செய்யும் எல்லோருடைய அசலும் அதில்தான். சாவி அவர் இடுப்பிலேயே தொங்கும், யாரும் தொட முடியாது. நம் வீட்டு பீரோவைவிடப் பத்திரம். இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிட்டால் நல்லது அண்ணி. தள்ளிப்போனால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்

மார்ச் 15

என் அருமை நாத்தனாருக்கு,

உன் அண்ணன் என் சான்றிதழ்களை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன்மேல் இன்னொரு உறை போட்டு, பச்சைக் குழந்தைக்குக் குல்லா மாட்டுகிற கவனத்தோடு கட்டி வைத்துவிட்டார். ராஜினாமாவும் எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டேன். காலையில் தபால் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கவரைக் கொடுக்கக் கை வரவில்லை. "போடறீங்களா, இல்ல அடுத்தவங்களுக்கு வழி விடறீங்களா?" என்றாள் உள்ளே இருந்தவள். வழி விட்டேன்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. அப்பா வீட்டை உங்கள் இருவர் பெயருக்கும் மாற்றப் பதிவு அலுவலகத்தில் உன் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். அங்கேயும் அசல்தான் வேண்டுமாம். பார், உலகம் முழுவதும் உன் பெரிய டாக்டர்கள்தான். நீ உன்னுடையதை இங்கே அனுப்பு, நான் என்னுடையதை அங்கே அனுப்புகிறேன். காட்டிவிட்டு மறுநாளே திருப்பிவிடுவோம். அவ்வளவு பத்திரமான அலமாரி என்றால் திறந்து எடுக்க எத்தனை நேரம் ஆகும்?

உன் அண்ணி

மார்ச் 28

அண்ணிக்கு,

நகல் போதாதா? அங்கே யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்களேன். வீட்டுக்கு என்ன அவசரம், அது எங்கே ஓடிப்போகிறது? முதலில் நீங்கள் உங்களுடையதை அனுப்பிவிடுங்கள். என்னுடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தயவுசெய்து.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 10

நாத்தனாரே,

உனக்கு நகல் போதும், எனக்கு அசல் வேண்டும். நல்ல நியாயம். எந்தக் கடையில் வாங்கினாய்?

நீ இங்கே இருந்தபோது உன் கொலுசைக்கூட இன்னொருத்தி கையில் கொடுக்க மாட்டாய். குளிக்கப் போனால் கைக்கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டுப் போவாய். அப்படிப்பட்டவள் பாஸ்போர்ட்டை எவன் இடுப்புச் சாவிக்கோ விட்டுவிட்டு, அது பத்திரம் என்று எனக்குப் புகழ் பாடுகிறாய். நான் இருட்டறையில் படம் கழுவுகிறவள். முதலில் ஒன்றுமே தெரியாது, கொஞ்சம் பொறுத்தால் எலும்பு தெரியும். உன் கடிதங்களை நேற்று வரிசையாக வைத்துப் படித்தேன்.

அப்பா சாகக் கிடந்தபோது, "லீவு இல்ல அண்ணி" என்று எழுதினாய். உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று இந்த வீட்டில் சொன்னவள் நான் ஒருத்திதான். சத்தமாகவே சொன்னேன், உன் அண்ணன் என்னோடு பேசாமல் இருந்தார். இப்போது கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் எழுது. உன் பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, இல்லையா?

உன் அண்ணி

ஏப்ரல் 23

அண்ணி,

இல்லை.

வந்து இறங்கிய அன்றே பெரிய டாக்டர் வாங்கி வைத்துவிட்டார். அப்பாவுக்கு முடியவில்லை என்று தெரிந்ததும் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "நீ போனா திரும்பி வர மாட்ட. எக்ஸ்ரே எடுக்க ஆள் வேணும், உனக்குப் பதிலா அப்படி ஒரு ஆளைக் கொண்டா, அவங்க பேப்பர் உள்ள வந்ததும் உன்னோடத எடுத்துக்கோ" என்றார். ஒன்பது மாதமாகச் சம்பளத்தில் பாதிதான் தருகிறார். வெளியே போய் வேறு வேலை கேட்கலாம் என்றால் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை, நான் நர்ஸ் என்று யார் நம்புவார்கள்? எனக்கு வரும் கடிதங்களையும் பிரித்துப் படிக்கிறார். அதனால்தான் மருந்துக்கடை.

யாரை அழைப்பது என்று யோசித்தபோது உங்கள் முகம்தான் வந்தது. நீங்கள் யாருக்கும் பயப்பட மாட்டீர்கள். சூப்பிரண்டையே எதிர்த்துப் பேசுகிறவர். நான் அழுதுகொண்டு கிடக்கும் இடத்தில் நீங்கள் என்றால் சத்தம் போட்டாவது வெளியே வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அண்ணனிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

மே 7

நாத்தனாருக்கு,

என் வாய் பெரிது, அதனால் என்னைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று பார்த்திருக்கிறாய். பயந்தாங்கொள்ளிகளுக்குத்தான் இந்த மாதிரி யோசனை வரும். ஜன்னல் பக்கத்துக் கட்டில் என்று எழுதினாயே, அது நீ காலி செய்யப்போகும் கட்டில் என்று எழுத மட்டும் மை தீர்ந்துவிட்டதா? நான் வந்து இறங்கும்போது நீ கிளம்பியிருப்பாய். எனக்கு எழுதியா வைத்துவிட்டுப் போயிருப்பாய், "அண்ணி, சத்தம் போடுங்கள்" என்று?

உன் பெரிய டாக்டரைப் பற்றி எழுதி மையை வீணாக்க மாட்டேன். அந்த ஆள் திருடன், திருடனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. உன்னிடம்தான் எதிர்பார்த்தேன். "நான் மாட்டிக்கொண்டேன், காப்பாற்றுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், தாலியை அடகு வைத்தாவது உன்னைக் கொண்டுவந்திருப்பேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. இதோடு உன் பாஸ்போர்ட், நர்சிங் சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் இருக்கிறது. நீ கிளம்பும் முன் நான் அலைந்து எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வைத்தேனே, "அண்ணிக்கு வேற வேலையே இல்ல" என்று விழுந்து விழுந்து சிரித்தாயே, அதே நகல்தான். இதை எடுத்துக்கொண்டு நேராக நம் தூதரகத்துக்குப் போ. ஊர் திரும்புவதற்கு மட்டும் ஒரு தாள் தருவார்கள். இங்கே புகார் கொடுத்தாயிற்று, அதன் நகலும் உள்ளே இருக்கிறது. அந்த அலமாரிக்குள் இருப்பது அங்கேயே மக்கட்டும். உன் சான்றிதழுக்கு மாற்றுப் பிரதி கேட்டுக் கல்லூரிக்கும் எழுதிவிட்டேன்.

புகார் கொடுக்க முதுகை நிமிர்த்த முடியாமல் வரிசையில் நின்றவர் உன் அண்ணன். உன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்பது வரைக்கும்தான் அவருக்குச் சொன்னேன். என்னை எதற்கு அழைத்தாய் என்பதைச் சொல்லவில்லை. தங்கச்சி மறக்கவில்லை என்ற நினைப்பு அவருக்கு இருந்துவிட்டுப் போகட்டும். ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சூப்பிரண்டு பல்லை இளித்தால் இனி உன் ஞாபகமும் சேர்ந்து வரும்.

உன்னை அழைத்துவர விமான நிலையத்துக்கு உன் அண்ணன் வருவார், நான் வர மாட்டேன். அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். வேலை கிடைக்கும்வரை இரு, சாப்பிடு, தூங்கு, யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆனால் வாசலில் வந்து நின்று என்னை அண்ணி என்று கூப்பிடாதே. அப்படிக் கூப்பிட்டுத்தான் என்னை அந்த அலமாரிக்குள் வைத்துப் பூட்டப் பார்த்தாய்.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி