சொட்டுத் தேன் சிந்தாத விபத்து

மதினி,

இன்று காலை மருமகள் என் முழங்காலில் யூக்கலிப்டஸ் தைலம் தேய்க்க வந்தாள். வாசனை மூக்கில் ஏறியதுமே பாட்டிலைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டேன். கொடைக்கானலில் பிறந்தவளுக்கே தைல வாசனை பிடிக்காதா என்று அவள் சிரித்தாள். வாசனையோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. தைலத்தை உங்கள் இடது தோளில் தேய்த்துத் தேய்த்து நாங்கள் எல்லோரும் ஏமாந்தோமே, அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. என் தங்கை கல்யாணத்தை முடித்துக்கொண்டு கொடைக்கானலிலிருந்து பழனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர், அதாவது உங்கள் தம்பி, பெருமையாக ஒரு பிளசர் காரை வாடகைக்குப் பிடித்திருந்தார். வளைவுகளில் வாந்தி வரும் என்று சொல்லி நீங்கள் முன் சீட்டில் ஏறிக்கொண்டீர்கள். அவரும் நானும் பின்னால். உங்கள் மடியில் பித்தளைத் தூக்குவாளி, அது நிறைய பள்ளங்கியில் வாங்கிய மலைத்தேன். முருகன் அபிஷேகத்துக்கு என்பதால் வேறு யார் கையிலும் தர மாட்டேன் என்று இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

பெருமாள்மலை தாண்டி இறங்கும்போது மூடுபனிக்குள்ளிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்துவிட்டது. டிரைவர் சுப்பையா சட்டென்று வண்டியை ஒடித்தார். கார் மலையோரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. அவ்வளவுதான். மட்கார்டு நசுங்கியது, கண்ணாடியில் கீறல்கூட இல்லை. இறங்கி ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். நீங்கள் வாளி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒரு சொட்டுக்கூடச் சிந்தலடி" என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். அந்த வாளியின் விளிம்பு உங்கள் இடது விலாவுக்குக் கீழே எப்படி இடித்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாளே அந்தத் தேனோடு படியேறுகிறேன் என்று நடுரோட்டில் நின்று நேர்ந்துகொண்டீர்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் இடது தோள் குத்துகிறது என்றீர்கள். சுளுக்கு என்றார் உங்கள் தம்பி. என் அம்மா கொடுத்துவிட்ட தைலம் இருந்தது, மாற்றி மாற்றித் தேய்த்தோம். படுத்தால் வலி கூடுகிறது என்று தலையணையில் சாய்ந்தபடியே தூங்கினீர்கள். இடித்தது வயிற்றில், வலித்தது தோளில். யார்தான் சந்தேகப்படுவார்கள்?

எனக்குச் சந்தேகம் வந்தது மறுநாள் காலை அடிவாரத்தில். உங்களுக்கு அங்கே பூக்கடை. உங்கள் வீட்டு மாமா காலமான பிறகு எங்களோடு இருந்துகொண்டு அந்தக் கடையைத் தனியாளாக நடத்தினீர்கள். அடுத்தவர் கட்டிய மாலையைக் குறை சொல்லாமல் உங்களால் ஒரு கடையைத் தாண்ட முடியாது. பெண் பார்க்க வந்த அன்றே என் தலையிலிருந்த சரத்தை நீவிப் பார்த்து, வேலி கட்டியது போல இருக்கிறதே என்று சபையில் கேட்டவர் நீங்கள். அதற்காக நான் உங்களை ரொம்ப நாள் மன்னிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போனதால் நம் கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடையில் மாலை வாங்கினோம். பூவுக்கும் பூவுக்கும் நடுவே விரல் நுழையும், அத்தனை தொளதொள. அதை வாங்கி ஒரு வார்த்தை பேசாமல் கூடையில் வைத்துக்கொண்டீர்கள்.

அதன் பிறகு உங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். மலைப்படியை வீட்டு வாசற்படி போல ஏறுகிற நீங்கள் ஆரம்பத்திலேயே நின்றீர்கள். தண்ணீர் கேட்டீர்கள். குடித்து முடித்ததும் மறுபடியும் கேட்டீர்கள். உதடு வெளுத்திருந்தது, கையைப் பிடித்தால் சில்லிட்டிருந்தது. இறங்கிவிடலாம் என்றேன். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நேர்ந்துகொண்டு படியில் கால் வைத்தால் சாமியைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. சாமி குத்தம் ஆகிவிடும் என்று உங்கள் தம்பி என் மேல் எரிந்து விழுந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நான் படிக்குக் குறுக்கே உட்கார்ந்து உங்கள் இரண்டு காலையும் கட்டிக்கொண்டேன்.

"குத்தம் வந்தா எம் மேல வரட்டும். மதினி இனி ஒரு படி ஏற மாட்டாங்க."

வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே என் கன்னத்தில் ஒன்று விழுந்திருக்கும். அன்று குனிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏடி, கண்ணு இருட்டிக்கிட்டு வருதுடி."

அதைக் கேட்டதும் உங்கள் தம்பிக்கு வழக்கமெல்லாம் மறந்துபோயிற்று. மேலே போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு பக்தரிடம் தேனையும் மாலையையும் கொடுத்துச் சேர்த்துவிடச் சொல்லிவிட்டு, உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நல்ல வேளையாக சுப்பையா ஊருக்குத் திரும்பாமல், விபத்தில் தப்பியதற்குத் தேங்காய் உடைக்க அடிவாரத்திலேயே தங்கியிருந்தார். அதே பிளசரில் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வெரசாப் போங்கண்ணே என்று வழியெல்லாம் அவர் உயிரை எடுத்தேன்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதும் நீங்கள் துடித்தீர்கள். எங்கே அடிபட்டது என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு வாளி ஞாபகம் வந்தது. மடியில் வைத்திருந்த விதத்தை உட்கார்ந்து காட்டினேன். அவர் உடனே உங்களை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார். மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது. அங்கே தேங்கிய ரத்தம்தான் தோளில் வலியாகக் காட்டியிருக்கிறது. உங்கள் தம்பி ரத்தம் கொடுத்தார். வெளியே வந்த டாக்டரம்மா, நீங்கள் பிழைத்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, "இவங்களைப் படியில நிறுத்துனது யாரு?" என்று கேட்டார். உங்கள் தம்பி என்னைக் கைகாட்டினார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மதினி. அப்புறம் எத்தனையோ சண்டையில் அந்த ஒரு முகத்தை வைத்தே அவரை ஜெயித்திருக்கிறேன்.

மயக்கம் தெளிந்ததும் தேன் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டீர்கள். சேர்ந்தது என்றேன். மாலையும் போய்விட்டதா என்றீர்கள். ஆமாம் என்றேன். "அதையா சாமிக்குப் போட்டாக? எவ கட்டுனது அத?" என்று முகத்தைச் சுளித்தீர்கள். வார்டே திரும்பிப் பார்க்க நான் சத்தமாகச் சிரித்தேன், அழுதேன். எங்கள் மதினி முழுசாகத் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறுதியாயிற்று.

புண் நன்றாக ஆறிய பிறகு, நீங்களே நெருக்கிக் கட்டிய மாலையோடு படியேறினீர்கள். நான் கையை நீட்டினால் தட்டிவிட்டீர்கள். இடும்பன் சன்னதியில் மூச்சு வாங்க நின்றது நான்தான், நீங்கள் இல்லை. மேலே குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள். பிழைத்து வந்தவர் பெயருக்கல்லவா செய்ய வேண்டும் என்றார் அவர்.

"அவ இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது சாமி. அவ பேருக்கே பண்ணுங்க."

அன்றிலிருந்து கிருத்திகை தவறாமல் என் பெயருக்கு அர்ச்சனை. நாம் முகம் பார்க்காமல் இருந்த நாட்களிலும் திருநீற்றுப் பொட்டலம் என் அடுப்படி ஜன்னல் வழியாக வந்து விழுந்துவிடும். நீங்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, அவர்களுக்கும் பூக்கட்டச் சொல்லிக்கொடுத்துத் திட்டித் தீர்த்து, கிழவியாகித்தான் போனீர்கள். அந்தக் காரால் உங்களை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்றைக்கும் விழுந்தவர், இடித்துக்கொண்டவர் யாராவது ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் நம்புவதில்லை. சட்டையைத் தூக்கி எங்கே இடித்தது என்று பார்க்காமல் விடமாட்டேன். தெருவில் சின்னதுகள் என்னைக் கண்டாலே வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றன. ஓடட்டும். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, மதினி. நீங்கள் செய்த அர்ச்சனை இன்னும் பலித்துக்கொண்டிருக்கிறது.