வாளியை முகர்ந்து பார்க்க ஓர் ஆள்

மார்ச் 4, செவ்வாய்
பாலத்தை வெள்ளம் கொண்டுபோன வருஷம்தான் மூக்கன் என் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தான். மகள் பிறந்ததும் அதே வருஷம். மறக்க வழியில்லை.

மூக்கன் என் மனைவியின் தம்பி. அவள், அவன், நான் எல்லாரும் ஒரே கறிக்கடையில் குடலுக்குள் கறி அடைத்துச் சாசேஜ் போட்டோம். முடிச்சுப் போடுவது அவள் வேலை. குடல் கழுவுவது என் வேலை. வாளிக்குள் மூக்கை விட்டுச் சரியா இல்லையா என்று சொல்வது அவன் வேலை. அன்றைக்குக் கடை நிறைய ஆள். "மச்சான், இது நாறுது" என்று கவிழ்த்தான். நாறவில்லை. இன்றைக்கும் சொல்வேன், நாறவில்லை. அத்தோடு பேச்சு நின்றது.

எழுத்து எனக்கு வராது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

மார்ச் 5
மகள் போன் பண்ணினாள். ஞாயிறு வருகிறாளாம். வயிற்றில் ஆபரேஷன் ஆனவள். "டாக்டர் எல்லாம் சாப்பிடலாம்னுட்டாருப்பா. உன் கையால சாசேஜ் வேணும்." சரி என்றேன்.

மார்ச் 6
ஆட்டுக்குடல் வாங்கினேன். குழாயில் மாட்டி உள்ளே தண்ணீர் விட்டு, பலகையில் வைத்துக் கத்தி முதுகால் வழித்தேன். வழிக்க வழிக்கக் கண்ணாடி போல மெல்லிசாக வந்தது. கல்லுப்பு, வினிகர், மறுபடி தண்ணீர். கை மறக்கவில்லை.

குனிந்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. வினிகர் பாட்டிலையே மூக்கில் வைத்தேன். அதுவும் பச்சைத் தண்ணீர்! போன மழைக்காலத்துக் காய்ச்சலோடு மூக்கு போய்விட்டதா? அப்போ சாம்பாரில் மணமே இல்லை என்று இத்தனை நாள் மருமகளைத் திட்டியது —

"இதையும் எழுதணுமா மாமா?"

எழுதம்மா.

நீ முகர்ந்து சொல் என்றால் மருமகள் வாசலிலேயே மூக்கைப் பொத்துகிறாள். "எனக்கு எல்லாமே நாறுது மாமா." மகளுக்கோ இப்போதுதான் தேறுகிற வயிறு. கெட்ட குடலைப் போட்டு அவளைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பவா?

மார்ச் 7
மூக்கனுக்குப் போன் போடச் சொன்னேன்.

"யாரு?"

"நான்தான்டா."

"அட, இருக்கீங்களா மச்சான்?"

"ஒரு வாளி இருக்கு. காய்ச்சல்ல என் மூக்கு போச்சு. வந்து உன் மூக்கை விடு."

டொக்கென்று வைத்துவிட்டான்.

மார்ச் 8, சனி
காலையிலேயே வந்து நின்றான். நேரே வாளி. நான் அதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கவுக்க மாட்டேன் மச்சான், பயப்படாதீங்க."

வெகுநேரம் குனிந்தே இருந்தான். நிமிர்ந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. "எனக்கும் ஒண்ணும் தெரியல. அதே காய்ச்சல்தான்."

மருமகள் கதவுக்குப் பின்னால் சிரித்துவிட்டாள். எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கும் சரியாத் தெரியல மச்சான். சந்தேகமா இருந்துச்சு. அக்கா கைக்குழந்தையோட அதையேதான் சாப்பிடப் போகுது. அதான்."

வாளியைத் தூக்கிப்போய் நானே சாக்கடையில் கவிழ்த்தேன்.

ஆடு வெட்டுகிற இடத்துக்கு இரண்டு பேரும் போனோம். கண்ணெதிரே வெட்டியதன் குடலை, சூடு ஆறுவதற்குள் வாங்கி வந்தோம். அதற்கு மூக்கு தேவையில்லை. நான் வழித்தேன், அவன் தண்ணீர் விட்டான், முடிச்சும் போட்டான்.

மார்ச் 9
மகள் நன்றாகச் சாப்பிட்டாள். வயிறு ஒன்றும் செய்யவில்லை. "முடிச்சு அம்மா போட்ட மாதிரியே இருக்கேப்பா, யார் போட்டது?" என்றாள்.

கடை முதலாளி போய்விட்டார். கறி அரைத்த கிழவர் போய்விட்டார். முடிச்சுப் போட்டவளும் போய்விட்டாள். என்னை விட்டால் அந்தக் கடையில் மிச்சம் ஒருத்தன்தான். தின்னத் தின்ன உப்பு குறைச்சல் என்று சொல்லிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், மூக்கன்.