தோற்றவன் போல நடித்த செவ்வாய்க்கிழமைகள்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
செவ்வாய்க்கிழமை, மே 14

அன்பான மதலேனுக்கு,

நீர் மொன்றியலில் சுகமாய் இறங்கிய செய்தியை மகள் சுஜானி சொன்னாள். உமக்கும் உமது அக்கா மரியகொறற்றிக்கும் அத்தானுக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தைத் தரட்டும். என் உடம்புக்குக் குறைவில்லை. சாப்பாடுதான் கடைச் சாப்பாடு.

நீர் தொலைபேசியை எடுப்பதில்லை. குரலில் பேசி அனுப்பினால் அக்காவும் கேட்பா, பிறகு கனடா முழுக்கக் கேட்கும். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக உமக்குக் கடிதம் எழுதுகிறேன். பலசரக்குக் கடையில் விலைப்பட்டியல் எழுதிப் பழகிய கை, எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

சுடுதண்ணீர்ப் பெட்டி திருத்தியாகிவிட்டது. நீர் சொன்னபடியே குழாயில்தான் பிழை, பெட்டியில் இல்லை. கறிவேப்பிலைச் சாடி துளிர்த்திருக்கிறது. சுஜானி சனிக்கிழமைகளில் பொண்டியிலிருந்து வந்து, குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்து, என்னைப் பிரெஞ்சில் ஏசிவிட்டுப் போகிறாள். போன கிழமை, இது ஒரு நோய் அப்பா, வெட்கப்படத் தேவையில்லை, டொக்டரிடம் போகலாம் என்றாள். எனக்கு ஒரு நோயும் இல்லைப் பிள்ளை என்றேன். இந்த நோய் உள்ளவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

நீர் போகும்போது விமான நிலையத்தில், உண்மை சொல்ல வேண்டுமென்றால் முழுதாய்ச் சொல்லும், பாதி உண்மை வேண்டாம் என்றீர். முழுதாய்ச் சொல்லுகிறேன்.

நான் கசினோவுக்குப் போனது உண்மை. நான்கு வருடமாகப் போகிறேன். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் மொத்தச் சந்தைக்கு, கணக்காளரிடம், வரி அலுவலகத்துக்கு என்று உமக்குச் சொன்னதெல்லாம் அங்கேதான். ஏரிக்கரையில் உள்ளதற்கு ஒரு கிழமை, கடற்கரைப் பக்கம் உள்ளதற்கு ஒரு கிழமை, இன்னும் தூரத்தில் உள்ளதற்கு ஒரு கிழமை என்று மாறி மாறிப் போவேன். ஆனால் ஊர் சொல்வது போல நான் தோற்கவில்லை, மதலேன். நான் வென்றேன்.

நான் விளையாடுவது பிளாக்ஜாக். இருபத்தொன்றுக்குக் கிட்ட வர வேண்டும், தாண்டக் கூடாது, அவ்வளவுதான். வந்து விழுந்த சீட்டுகளை மனதில் வைத்திருந்தால், சீட்டுக்கட்டில் மிச்சம் என்ன கிடக்கிறது என்று தெரியும். மாம்பழப் பெட்டி மாதிரி. வெம்பல் எல்லாம் முன்னுக்குக் கையில் வந்துவிட்டால் அடியில் கிடப்பது பழம். அந்த நேரம் காசைக் கூட்டிக் கட்ட வேண்டும், மற்ற நேரம் சும்மா இருக்க வேண்டும். முந்நூற்றுநாலு விளையாடுகிறபோது எவன் எந்தச் சீட்டை இறக்கினான் என்று நான் கடைசிவரை சொல்வேன் என்று உம்முடைய அண்ணன்மார் என்னை ஆட்டத்துக்குச் சேர்க்க மாட்டார்கள், தெரியும்தானே. அதே மண்டைதான்.

அப்படி விளையாடுவது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் கண்டுகொண்டார்கள் என்றால் கட்டை அடிக்கடி கலைப்பார்கள், ஏதாவது சாட்டுச் சொல்லி மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். வாசலில் அடையாள அட்டை காட்டித்தான் உள்ளே போக வேண்டும். பெயரை ஒளிக்க வழியில்லை, முகத்தைத்தான் ஒளிக்க வேண்டும். ஆகவே நான் ஒரு மடையனாகப் போனேன். கடையில் போடுகிற பழைய குளிர்ச்சட்டை. சீட்டுக் கொடுக்கிற பெட்டையிடம் நூறு தரம் கேட்ட கேள்வியையே திரும்பவும் கேட்பேன். மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றால் வேண்டுமென்றே பிழையாக விளையாடிச் சின்னக் காசைத் தோற்பேன். வென்றது ஒரு அளவுக்கு வந்தால் எழும்பிவிடுவேன். எழும்பும்போது தலையில் கை வைப்பேன். பேராசை இல்லாதவனை ஒருத்தரும் சந்தேகிப்பதில்லை. தோற்றவனை ஒருத்தரும் பார்ப்பதே இல்லை.

மாசி மாதத்தில் ஏரிக்கரை மேசையில் இரண்டு முறை அடுத்தடுத்து வென்றுவிட்டேன். மேற்பார்வையாளர் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அடுத்த முறை போனபோது, அணைத்து வைத்த தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணைக் கசக்கி, சத்தமாகத் தமிழில் அழுதேன். "மதலேன், கைவிட்டிடாதையும். உம்மடை தாலிக்கொடியை வித்தாவது காசை அனுப்பும். இண்டைக்கு மட்டும், இனி இஞ்சை காலடி வைக்க மாட்டன்!" வெள்ளைக்காரனுக்குத் தமிழ் என்ன தெரியும்? அழுகை விளங்கினால் போதும் என்று நினைத்தேன். லா சப்பலில் பத்து அடிக்கு ஒரு தமிழ் ஆள் நிற்கிற ஊரில் வியாபாரம் செய்கிறவன், கசினோவுக்குள் மட்டும் தமிழ் ஒருத்தருக்கும் விளங்காது என்று நம்பினேன். இந்த நாட்டுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் நான் செய்த ஒரே மடத்தனம் அது.

எனக்குப் பின்னால் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றவன் அலெக்சிஸ். மன்னார்ப் பொடியன், ஓல்னேயில் இருக்கிறான், துஷ்யந்தியின் புருஷன். அங்கே வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தானாம். நல்லவன்தான். பாவப்பட்டுத்தான் மனுசியிடம் சொல்லியிருக்கிறான். துஷ்யந்தியும் பாவப்பட்டுத்தான் கோவிலில் சொன்னா. அந்த ஞாயிறு பூசையில் பெண்கள் எல்லாரும் உம்முடைய கழுத்தைப் பார்த்தார்கள். நம்முடைய ஆட்களில் எவர் கொடியைப் பூசைக்குப் போட்டுக்கொண்டு போகிறார்கள்? அது வங்கிப் பெட்டகத்தில் கிடக்கிறது, திருநாளுக்குத்தான் வெளியே வரும். ஆனால் அன்றைக்கு வெறுங்கழுத்தே சாட்சியாகிவிட்டது. நீர் வீட்டுக்கு வந்து, ஏன் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள் என்று கேட்டீர். நான் தெரியாது என்றேன். அந்த ஒரு பொய்யைத்தான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு கொடியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனீர். அது கவரிங் என்று சொன்னார்களாம்.

நீர் போன பிறகு நடந்தது உமக்குத் தெரியாது. பக்கத்துக் கடை வரதராசா வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் கன நேரம் நின்றுவிட்டு, "அண்ணை, பிழையா நினையாதையுங்கோ, கடையைக் குடுக்கிறதெண்டால் முதல் எனக்குச் சொல்லுங்கோ" என்றார். "ஏன், செத்தவீட்டு அறிவித்தலும் நீரே அடிச்சுப்போட்டீரோ?" என்று கேட்டேன். சிரித்தார். அடுத்த நாள் அரிசிக்காரன் கையில் காசு தந்தால்தான் மூட்டை இறக்குவேன் என்றான். என்னிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

வென்றேன் என்று சொல்லிவிடலாமே என்று நீர் கேட்பீர். யாரிடம் சொல்ல? வரதராசாவிடம் சொன்னால் பின்னேரத்துக்குள் அலெக்சிஸுக்குப் போகும், நாளைக்குக் கசினோவுக்குப் போகும். சொல்லாவிட்டால் நான் கொடி விற்றவன். அதைவிட, சொன்னாலும் எவன் நம்புவான்? சூதாடி ஒவ்வொருத்தனும் வென்றேன் என்றுதானே சொல்கிறான்.

ஏரிக்கரைக் கசினோவில் நடந்ததையும் கேளும். நான் அழுத பிறகு அடுத்த முறை போனபோது, அங்கே பொறுப்பாக இருக்கிற ஒரு பெண்மணி என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டா. பிடிபட்டேன் என்று நினைத்தேன். கோப்பி தந்தா. பிறகு ஒரு துண்டுப் பிரசுரம் தந்தா, சூதாட்டத்துக்கு அடிமையானவர்களுக்கு உதவுகிற இடங்களின் பட்டியல். நீங்கள் கஷ்டப்படுவது எங்களுக்குத் தெரியும், இனி எங்கள் ஆட்கள் எல்லாரும் உங்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றா. நல்ல மனுசி, மனதாரச் சொன்னா. நான்கு வருடமாக ஒரு கண்ணும் என்மேல் படக்கூடாது என்று பாடுபட்டேன். இப்போது வாசல்காரன்கூட என் தோளைத் தட்டி விடுகிறான்.

அந்தப் பிரசுரத்தில்தான் நீர் கேட்கிற கடதாசியும் இருந்தது. தன்னைத்தானே தடை செய்து அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது. கொடுத்தால் மூன்று வருடத்துக்கு நாட்டில் ஒரு கசினோவும் உள்ளே விடாது, மனதை மாற்றவும் முடியாது. அதில் கையெழுத்து வைத்தால் திரும்பி வருவேன் என்று சுஜானியிடம் சொல்லி விட்டிருக்கிறீர். நியாயமான கேள்விதான். நான் ஏன் அன்றைக்கே கையெழுத்து வைக்கவில்லை என்று நினைத்துத்தான் உமக்கு நெஞ்சு வெந்திருக்கும்.

இனி எழுதப்போவதுதான் முழுதில் மற்றப் பாதி.

கடை ஓடவில்லை, மதலேன். கொரோனாவுக்குப் பிறகு ஒரு மாதமும் ஓடவில்லை. வாடகை ஏறியது, சனம் புறநகரில் பெரிய கடைகளுக்குக் காரில் போகப் பழகிவிட்டது. நீர் கல்லாவில் நின்று வாங்கிய காசு அன்றன்றைக்கே மூட்டைக்காரனுக்குப் போனது. வாடகையும், சுஜானியின் கடைசி வருடப் படிப்பும், மாதா திருநாளுக்கு நாம் பொறுப்பேற்ற பந்தலும், ஊருக்கு அனுப்பியதும், எல்லாம் செவ்வாய்க்கிழமைக் காசு. வெறுங்கையோடு வந்து கடை போட்ட றெமிஜியஸ் என்று மேடையில் எனக்கு மாலை போட்டார்களே, அந்த மாலையையும் பிளாக்ஜாக் மேசைதான் வாங்கித் தந்தது. ஊர் நினைக்கிறது, நல்ல கடையை ஒரு சூதாடி அழிக்கிறான் என்று. அந்தச் சூதுதான் செத்த கடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. கையெழுத்து வைத்தால் ஆடி மாதத்துக்குள் கதவில் பூட்டு. அப்போது ஊர் சொல்லும், பார்த்தியா, நாங்கள் சொன்னோமே என்று.

உமக்குச் சொல்லியிருக்கலாம். முதல் மாதமே சொல்லியிருந்தால் நீர் கடையை மூடச் சொல்லியிருப்பீர், வேறு வேலை பார்க்கச் சொல்லியிருப்பீர். மற்றவனுடைய கடையில் மூட்டை தூக்குகிற என்னை உமக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த வறட்டுக் கௌரவத்துக்காக உம்மை அத்தனை பெண்களுக்கு நடுவில் வெறுங்கழுத்தோடு நிற்க வைத்தேன்.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் கணக்குச் சரிவராது. நீர் போன அடுத்த செவ்வாய், தூரத்தில் உள்ள கசினோவுக்குப் போனேன். வாடகைக்காக என்று எழுதலாம், அது பொய். உம்முடைய செருப்புகள் இல்லாத வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாமல் போனேன். பத்து நிமிடத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. என்ன சீட்டு வந்தது, என்ன போனது, ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. இரண்டு மாத வாடகை போகும்வரை இருந்தேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் நடிக்கவில்லை. திரும்பி வரும்போது சுஜானி சொன்ன வார்த்தை காருக்குள் என்னோடு வந்தது. அவள் பிழை என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முழுதாய்ச் சொல்ல முடியவில்லை.

அந்தத் தடை விண்ணப்பத்தை நேற்று அனுப்பிவிட்டேன். நீர் வருவீரோ மாட்டீரோ தெரியாமல்தான் அனுப்பினேன். ஆனால் அதோடு முடியவில்லை. ஜூன் 5, புதன்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிடுவார்களாம். ஒருத்தரும் வற்புறுத்தாமல் நீங்களாகத்தான் இதைக் கேட்கிறீர்களா என்று கேட்பார்களாம். ஓம் என்றால் அந்தக் கதவு மூடும். கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றால் விட்டுவிடுவார்களாம். இவ்வளவு காலம் என்னை எவரும் எதற்கும் வற்புறுத்தியதில்லை. எனக்கு என் வாயில் நம்பிக்கை இல்லை.

வரதராசாவிடம் கடை விலை பேசியிருக்கிறேன். குறைத்துத்தான் கேட்கிறார், அவருடைய இடத்தில் நானும் அப்படித்தான் கேட்பேன். வாடகைப் பாக்கி போக மிஞ்சுவது அதிகமில்லை. ஊருக்கு நான் தோற்றவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், திருத்தப் போவதில்லை.

மடு மாதா உம்மைக் காக்க வேண்டும். குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்ளும், அக்காவோடு சண்டை பிடிக்காதையும். கடை இல்லாத, மாலை இல்லாத ஒரு மனுசன்தான் இங்கே இருக்கிறான். அவனை உமக்குப் பழக்கமில்லை, எனக்கும் இல்லை. அந்தப் புதன்கிழமை பத்து மணிக்கு நீர் பக்கத்துக் கதிரையில் இருந்தால் ஓம் என்று சொல்லிவிடுவேன். ஒன்றும் பேச வேண்டாம். இருந்தால் போதும்.

உம்முடைய,
றெமிஜியஸ்