நஸ்ராவைப் பற்றி உனக்குச் சொல்லாதது

இன்று காலை இடைவேளையில் என் முன்பள்ளிப் பிள்ளை ஒருத்தி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே தேத்தண்ணியில் ஊறிய பேக்கரிப் பாண். ஆறிப்போன சாயத் தேத்தண்ணியின் வாசனை முகத்தில் பட்டதும் தில்லையடியில் நின்ற எனக்கு உச்சமுனைத் தீவின் மணல் கண்ணுக்குள் வந்துவிட்டது. அங்கே நீ குந்தியிருந்து, ஒரு பிள்ளையின் கையிலிருந்த கோப்பையை மெல்ல வாங்கி மோந்து பார்க்கிறாய்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தீவுப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை சொல் பேசுகிறார்கள் என்று ஆராயக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. அந்தப் பகுதியில் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கும் மருத்துவமாது என்பதால் உன்னைச் சேர்த்தார்கள். ஊர்ப்பேச்சு தெரிந்தவள் என்று என்னைச் சேர்த்தார்கள். உடப்பில் பிறந்த நீயும், மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட உம்மாவின் இடுப்பில் வந்த நானும் கற்பிட்டியில் ஒரே வள்ளத்தில் ஏறியது அப்படித்தான்.

பயிற்சியில் சொன்னதை நீ ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாய். வயிற்றில் தங்கிய நாளிலிருந்து இரண்டு வயது வரைக்கும் மூளை மிக வேகமாக வளரும். அந்தக் காலத்தில் இரும்புச்சத்து குறைந்தால் பேச்சும் கவனமும் பின்தங்கலாம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. வள்ளத்தில் அதைத் திரும்ப வாசித்துவிட்டு நீ கேட்டாய்: “அப்ப ரெண்டு வயசு தாண்டின பிள்ளையள என்னடி செய்யிறது?”

தீவில் மீன்பிடிக் குடும்பத்து றிஸானாவின் மகள் நஸ்ராவுக்கு அப்போது மூன்று வயது முடியும் தறுவாய். வேண்டியதை விரலால் காட்டுவாள், பேச மாட்டாள். எத்தனை சொல் தெரியும் என்று பார்க்கும் படங்களை நான் ஒவ்வொன்றாக நீட்டினேன். ரயில், அப்பிள், மாடிவீடு. அவள் என் முகத்தையே பார்த்தாள். நீ பொறுக்காமல் எழுந்து போய், வாசலில் இருந்த கூடையிலிருந்து கால் முறிந்த நண்டு ஒன்றைத் தூக்கி வந்தாய்.

“இது என்னம்மா?”

“ண்டு,” என்றாள் நஸ்ரா.

நீ கைதட்டினாய். குழுவோடு வந்த இளம் டொக்டர் மறுத்துத் தலையசைத்தார். பட்டியலில் நண்டு இல்லை, எழுத முடியாது. “பிள்ள ரயிலக் கண்டதே இல்ல, டொக்டர்,” என்று நீ வாதாடினாய். கடைசியில் அவளுடைய பெயருக்கு நேரே பூச்சியம் என்று எழுதியது என் கைதான்.

விரலில் குத்தி எடுத்த இரத்தம் வெளிறிப் போயிருந்தது. பிள்ளைக்கு நண்டு, மீன் கொடுப்பதில்லையா என்று நீ கேட்டதற்கு றிஸானா சொன்னாள்: “நல்ல நண்டெல்லாம் வாங்குற கொம்பனிக்குப் போற மிஸ்ஸி. முறிஞ்சதத்தான் நாங்க ஆக்குற. சின்னப் புள்ளைக்கு நண்டு குடுத்தா மேலெல்லாம் கிரந்தி வரும் எண்டு மாமி விடமாட்டா. புள்ள பாணும் தேத்தண்ணியும் எண்டாத்தான் அழாம திங்கிது.”

காதையும் பேச்சையும் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி டொக்டர் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார். அதை வாங்கி மடித்துக்கொண்டே றிஸானா கேட்டாள்: “எண்ட புள்ள கதைக்குமா மிஸ்ஸி?”

நீ அவளுடைய தோளைப் பிடித்து, “கட்டாயம் கதைப்பா. நீங்க சாப்பாட்ட மட்டும் பாருங்க,” என்றாய். அவளுடைய முகம் தெளிந்ததை நானும் பார்த்தேன்.

நீ சும்மா இருக்கவில்லை. சத்துமாப் பைக்கட்டும் முட்டையும் சுமந்து கிளினிக் இல்லாத நாட்களிலும் வள்ளம் ஏறினாய். நெத்தலியை வறுத்து இடித்துத் தூளாக்கி, சோற்றில் பிசைந்து ஊட்ட மாமிக்கே சொல்லிக் கொடுத்தாய். ஆராய்ச்சி முடிவு வந்தால் உதவியும் வரும் என்று வீட்டுக்கு வீடு சொன்னாய். பிறகு உன்னைத் தூரத்துக்கு இடமாற்றினார்கள். ஆராய்ச்சி முடிவு வந்தபோது நஸ்ராவுக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது. இங்கிலீசில் ஒரே ஒரு புத்தகம். அதில் தீவின் பெயர் இருந்தது, பிள்ளைகள் இலக்கங்களாக இருந்தார்கள். உதவி என்று எதுவும் வரவில்லை. “இனி எந்த மூஞ்சியோட அங்க போறது?” என்று நீ போனில் அழுதாய்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

புற்றுநோய் முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். உன்னைப் பார்க்க வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் கற்பிட்டியில் கருவாடு காயவைக்கும் ஒரு வாடியில் றிஸானாவைக் கண்டேன். பக்கத்தில் நஸ்ரா, பன்னிரண்டு வயது, மெலிந்த உடம்பு, மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாளாம். பெயர் கேட்டேன். “நஷா,” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது என்று பள்ளிக்கூடத்தில்தான் கண்டுபிடித்தார்களாம்.

“அந்தத் துண்டோட ஆஸ்பத்திரிக்குப் போகல்லையா?” என்று கேட்டேன்.

“புள்ள கதைக்கும் எண்டு மிஸ்ஸி சொன்னாதானே, டீச்சர். போய்வர ஒரு நாள் கடல்தொழில் இல்லாமப் போகும். அதான் பாத்துக்கொண்டு இருந்திட்டம்.” அவளுடைய குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் கட்டிலருகே இருந்தபோது நீ கேட்ட முதல் கேள்வி, “நஸ்ரா கதைக்கிறாளா?”

“ஓம். வாய் ஓயாமக் கதைக்கிறா,” என்றேன்.

“அப்ப சரி,” என்று நீ கண்ணை மூடினாய். நான்கு நாளில் போய்விட்டாய்.

உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. நெத்தலித் தூளும் தேவைதான், அந்தத் துண்டும் தேவைதான். இரண்டில் ஒன்றை மட்டும் றிஸானா பிடித்துக்கொண்டாள், உன் வாயிலிருந்து வந்ததை. இப்போது என்னிடம் எந்தத் தாயாவது பிள்ளை கதைக்குமா என்று கேட்டால், தெரியாது என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்கிறேன். சிலர் போகிறார்கள். அவர்களுடைய முறை வருவதற்குள் பிள்ளைக்கு ஒரு வயது கூடிவிடுகிறது. போகாதவர்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள்.

நீ செய்தது போல, ஒரு தாயின் முகம் தெளிய நான் எதுவும் சொல்வதில்லை. கடைசியாக அப்படித் தெளிந்து நான் பார்த்த முகம் உன்னுடையதுதான். அது தெளிய நான் சொன்னது பொய்.